வெஸ்ட்பரி மெயின் போர்டு: பிளானெக்ஸில் நேரக் கணக்கு எங்கே சறுக்குகிறது?

#1 குன்றன்

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரித் தேர்வில் வரும் பிளானெக்ஸ் பற்றிய கேள்விகள் இந்த மன்றத்தில் நாலைந்து இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. அதற்கென்று தனியாக இது. மாதிரிக் கணக்கு ஒன்றைக் கீழே போட்டிருக்கிறேன். நானே கட்டியது, போர்டில் வந்ததல்ல. முதலில் பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள்.

புதியவர்களுக்கு: பிரிட்டிஷ் தரைப்படையில் அதிகாரியாகச் சேர, வில்ட்ஷயரில் வெஸ்ட்பரி என்ற ஊரில் இருக்கும் ஏஓஎஸ்பி தேர்வு வாரியத்தைத் தாண்ட வேண்டும். முதலில் பிரீஃபிங், ஒன்றரை நாள். அதில் கிடைக்கிற தரத்தைப் பொறுத்து மூன்றரை நாள் மெயின் போர்டு. அதில் தேறினால்தான் சாண்ட்ஹர்ஸ்ட், அதாவது அதிகாரிப் பயிற்சிக் கல்லூரி. பிளானெக்ஸ் என்பது திட்டமிடும் பயிற்சி. ஒரு வரைபடம், கூடவே ஒரு சிக்கலான நிலைமையைச் சொல்லும் தாள் கொடுப்பார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து தீர்வு எழுத வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. பிறகு குழுவாகப் பேசி ஒரே திட்டத்துக்கு வர வேண்டும். அது முடிந்ததும் உங்களை மதிப்பிடும் குரூப் லீடர் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேள்வி கேட்பார். பலர் எழுதும்போது தோற்பதில்லை, இந்தக் கேள்வி நேரத்தில்தான் தோற்கிறார்கள்.

கணக்கு இதுதான். இப்போது மணி 13:00. மலைக்குடில் ஒன்றில் ஆறு பேர் இருக்கிறீர்கள். ஏழாவது ஆள் கல்குவாரியில் கால் முறிந்து தனியாகக் கிடக்கிறார். 15:30-க்குள் அவரைக் கிராமத்து மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

குடிலில் இருந்து குவாரிக்கு ஒற்றையடிப் பாதை 2 மைல். குடிலில் இருந்து பண்ணைக்கு வேறொரு ஒற்றையடிப் பாதை, 3 மைல். குவாரிக்கும் பண்ணைக்கும் நடுவே மண்பாதை 2.5 மைல். பண்ணையில் இருந்து கிராமத்துக்குத் தார்ச்சாலை 12 மைல். அதில் 4-வது மைலில் ஒரு பாலம், ஓதம் ஏறுவதால் 15:00 மணிக்கு மூடிவிடுவார்கள்.

நடந்தால் மணிக்கு 4 மைல். இரண்டு பேருக்கு மட்டும் ஓட முடியும், 6 மைல். ஸ்ட்ரெச்சர் தூக்கினால் 1.5 மைல், நாலு பேர் வேண்டும். பண்ணையில் லேண்ட் ரோவர் ஒன்று: மண்பாதையில் 10, சாலையில் 30. பண்ணைக்காரர்தான் ஓட்டுவார், 13:50-க்குத் திரும்பி வருகிறார். அவரைத் தவிர நாலு இடம், படுத்திருப்பவருக்கு இரண்டு இடம் போய்விடும். ஏற்ற 10 நிமிடம். கைபேசி சிக்னல் எங்கும் இல்லை, பண்ணையில் தொலைபேசி உண்டு. அழைத்த 45 நிமிடத்தில் ஆம்புலன்ஸ் அதே பாலம் வழியாகப் பண்ணைக்கு வரும், மண்பாதையில் இறங்காது. குடிலுக்கு 14:30-க்கு உணவு லாரி வருகிறது, கையெழுத்துப் போட ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

#2 மாலைமதி

முதல் முயற்சி, திருத்துங்கள். இரண்டு பேர் பண்ணைக்கு ஓடுகிறார்கள், 3 மைல், 13:30. பண்ணைக்காரருக்காக 13:50 வரை காத்திருப்பு. லேண்ட் ரோவர் குவாரிக்கு 2.5 மைல், 10 மைல் வேகம், 25 நிமிடம், 14:15. அங்கிருந்து கிராமம் 12 மைல், 24 நிமிடம், 14:39. கெடு 15:30, ஆகவே 51 நிமிடம் கையில் இருக்கிறது. மீதி நாலு பேரும் குவாரிக்கு நடக்கிறார்கள்.

#3 வல்வைக்காற்று

தங்கச்சி, யோசனை சரி. கணக்கில நாலு பிழை.

ஒண்டு, 2.5 மைலை 10 மைல் வேகத்தில போக 15 நிமிசம். 25 எண்டு எப்பிடி வந்தது எண்டு விளங்குது, 2.5-ஐயும் 10-ஐயும் பெருக்கிப் போட்டீங்கள். ரெண்டு, ஏத்துற 10 நிமிசத்தைக் காணேல்லை. மூண்டு, குவாரியில இருந்து கிராமத்துக்கு நேர் ரோட்டு இல்லை, திரும்பப் பண்ணைக்கு வந்துதான் போகவேணும், அது இன்னொரு 15. நாலு, குடிலில ஆரும் இல்லை, லொறிக்காரன் வந்து திரும்பிப் போயிடுவான்.

சரியான கணக்கு: 13:50 புறப்பாடு, 14:05 குவாரி, 14:15 ஏத்தி முடிஞ்சுது, 14:30 பண்ணை, 14:38 பாலம், 14:54 கிராமம். கெடுவுக்கு 36 நிமிசம் மிச்சம், பாலத்துக்கு 22 நிமிசம்தான் மிச்சம். முதல் ரெண்டு பிழையும் ஒண்டை ஒண்டு சரிக்கட்டிப் போட்டுது, அதாலதான் விடை பார்க்க நம்பக்கூடிய மாதிரி வந்தது. குரூப் லீடர் இடைநிலை நேரங்களைத்தான் கேப்பார், கடைசி விடையை இல்லை.

கெடு ரெண்டு இருக்கேக்க எது இறுக்கமானது எண்டு முதலே வட்டம் போட்டு வையுங்கோ. இங்க பாலம். 15:30 எண்டது கண்ணைக் கட்டுற கெடு.

#4 குன்றன்

அண்ணை சொன்னதோடு ஒரு வழி. வேகத்தை அப்படியே வைத்து வகுக்காதீர்கள். தாள் கைக்கு வந்ததும் ஓரத்தில் ஒவ்வொரு வேகத்தையும் ‘ஒரு மைலுக்கு எத்தனை நிமிடம்’ என்று மாற்றி எழுதிவிடுங்கள். 60-ஐ வேகத்தால் வகுத்தால் போதும். நடை 4 என்றால் 15 நிமிடம். ஓட்டம் 6 என்றால் 10. மண்பாதை 10 என்றால் 6. சாலை 30 என்றால் 2. ஸ்ட்ரெச்சர் 1.5 என்றால் 40. இனி எல்லாமே பெருக்கல். 2.5 மைல் மண்பாதை, 2.5 × 6 = 15. பதற்றத்தில் மனம் வகுத்தலில் தடுமாறும், பெருக்கலில் அவ்வளவு தடுமாறாது.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை: 20-க்கு 3 நிமிடம், 40-க்கு ஒன்றரை, 45-க்கு 1 நிமிடம் 20 வினாடி, 50-க்கு 1 நிமிடம் 12 வினாடி. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்களுக்கு மைல் கைக்கு வராது. தாளில் கிலோமீட்டரும் வரலாம், மைலும் வரலாம். மாற்றிக்கொண்டு உட்காராமல், கொடுத்த அலகிலேயே போடுங்கள். ஒரே தாளில் இரண்டையும் கலப்பதைப் போலக் கெட்ட பழக்கம் வேறில்லை.

எழுத்தில் எதிர்பார்ப்பது: நோக்கம் ஒரே வரியில், முக்கியமான காரணிகள், குறைந்தது இரண்டு வழிகள், எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், மற்றதை ஏன் விட்டீர்கள், பிறகு யார் எங்கே எப்போது. இரண்டாவது வழியைப் பேருக்கு எழுதாதீர்கள். இந்தக் கணக்கில் இரண்டாவது வழி ஸ்ட்ரெச்சர்: 13:30-க்குக் குவாரி, 2.5 மைல் × 40 = 100 நிமிடம், பண்ணைக்கு 15:10. பாலம் பத்து நிமிடம் முன்பே மூடியாயிற்று. இப்படி எண்ணோடு சாகடித்த வழிதான் உங்கள் முதல் வழிக்குச் சாட்சி. ‘நேரம் போதாது’ என்று மட்டும் எழுதினால் ‘எவ்வளவு போதாது?’ என்று கேட்பார்.

#5 மாலைமதி

நன்றி அண்ணா, நன்றி அண்ணை. ஆம்புலன்ஸை நான் தொடவே இல்லை. 13:30-க்கு அழைத்தால் 14:15-க்குப் பண்ணையில் நிற்கும். லேண்ட் ரோவர் 14:30-க்குத்தான் வரும். அப்படியென்றால் சாலைப் பயணத்தை ஆம்புலன்ஸிடம் ஒப்படைத்துவிடலாமே?

#6 நீலக்குடை

ஒப்படைக்கலாம். ஆனால் ஆம்புலன்ஸின் வேகம் தாளில் இல்லை. லேண்ட் ரோவரைவிட வேகமாகப் போகும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான், எண்ணாக எழுத முடியாது. ஆகவே நேரக் கணக்கை லேண்ட் ரோவரை வைத்தே முடியுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் லாபம்.

அழைப்பு எப்படியும் போக வேண்டும், ஓடினவர்கள் பண்ணையைத் தொட்டவுடன் முதல் வேலை அதுதான். 13:30-ல் இருந்து 13:50 வரை சும்மா உட்கார்ந்திருக்கிற 20 நிமிடத்துக்கு வேலை கிடைத்துவிட்டது பாருங்கள். இந்த மாதிரிக் காலி இடைவெளியை வைத்தே இன்னொரு கேள்வி வரும்: ‘அந்த 20 நிமிடம் உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள்?’

முறிந்த காலைப் பற்றி ஒரு வார்த்தை. மண்பாதையில் தூக்கிக்கொண்டு எதிரே நடக்கலாம், வண்டி பாதி வழியில் சந்திக்கும் என்று சிலர் எழுதுவார்கள். 1.5 மைல் வேகத்தில் கால் மணி நேரம் தூக்கினாலும் முக்கால் மைலில் பாதிதான் நகர்வீர்கள், வண்டிக்கு அது 2 நிமிடம் 15 வினாடி. அதற்காகக் கட்டுப்போட்ட காலை ஆட்டுவது நியாயமில்லை. அசையாமல் வைத்து, குளிரில் இருந்து மூடி, வண்டி வரும் இடத்தில் பாதையைச் சரிசெய்து வையுங்கள்.

#7 குன்றன்

கேள்வி நேரம் எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். இதே கணக்கு.

‘குவாரியில் முதல் ஆள் எத்தனை மணிக்கு?’ 13:30.
‘பாலத்துக்கு எத்தனை நிமிடம் மிச்சம்?’ 22.
‘14:00 ஆகிவிட்டது. பண்ணைக்காரர் வரவில்லை. என்ன செய்கிறீர்கள்?’

இங்கேதான் முகம் வெளுக்கும். விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. 22 நிமிட மிச்சம் என்றால் அவர் 14:12 வரை வந்தாலும் பாலத்தைத் தொடலாம். 14:12 புறப்பாடு, 14:52 பண்ணை, 15:00 பாலம். ஆகவே 14:00-க்குச் சொல்ல வேண்டியது: ‘திட்டம் மாறவில்லை. 14:12 வரை தாங்கும். ஆனால் பாலத்தில் ஒரு நிமிடமும் மிச்சமிருக்காது, அதனால் 14:05-ஐ முடிவெடுக்கும் நேரமாக வைக்கிறேன். அதற்குள் வராவிட்டால் மீண்டும் அவசர எண்ணை அழைத்து மலை மீட்புக் குழுவைக் கேட்பேன்.’ மீட்புக் குழு தாளில் இல்லை, அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. திட்டம் உடைந்தபின் கேட்டுப் பார்ப்பேன் என்று சொல்வதில் குற்றமில்லை.

தெரியாவிட்டால் ‘தெரியவில்லை சார், கணக்கிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வாய்விட்டுக் கணக்குப் போடுங்கள். ஊகித்த எண்ணைச் சொன்னால் அடுத்த மூன்று கேள்வியும் அந்த எண்ணைச் சுற்றியே வரும். அவர் புருவம் உயர்த்தியதற்காக மட்டும் திட்டத்தை மாற்றாதீர்கள், எண் தப்பென்று காட்டினால் உடனே ஒத்துக்கொண்டு திருத்துங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார். கேள்வி கடுமையாக இருப்பதால் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தமில்லை. நன்றாகப் போகிறவர்களையும் அதே அளவு நெருக்குவார்கள்.

#8 வல்வைக்காற்று

குழுவாக் கதைக்கிற பகுதியை ஆரும் எழுதேல்லை. அங்க ரெண்டு வகை ஆக்கள் அடிபடுவினம். ஒராள் தன்ர திட்டத்தைத் திரும்பத் திரும்பச் சத்தமாச் சொல்லுவார். மற்றாள் நல்ல கணக்கை வைச்சுக்கொண்டு பேசாமல் இருப்பார்.

முதல் ரெண்டு நிமிசத்துக்குள்ள கேக்கவேண்டியது ‘எல்லாரும் எந்த வழி எடுத்தீங்கள், பாலத்துக்கு எத்தனை மணி?’ எண்டது. எண்கள் ஒத்துப்போனால் மேல போங்கோ. ஒத்துப்போகாட்டில் எந்தத் துண்டில வித்தியாசம் எண்டு பிடியுங்கோ. சண்டை பிடிக்கத் தேவையில்லை. மற்றாளின்ர திட்டம் நல்லது எண்டால் ‘என்ரையை விட இதில பத்து நிமிசம் மிச்சம், இதை எடுப்பம்’ எண்டு சொல்லுறதில ஒரு மரியாதையும் குறையாது. கடைசியில உங்கட பேப்பரில இருக்கிற திட்டம் வேற, குழுவின்ர திட்டம் வேற எண்டால், கேள்வி குழுத் திட்டத்திலதான் வரும். புது நேரங்களைக் கதைக்கேக்கயே எழுதிக்கொள்ளுங்கோ. கன பேர் இதைச் செய்யிறேல்லை, பிறகு பழைய எண்ணைச் சொல்லி மாட்டுப்படுவினம்.

#9 செங்கல்சூளை

பிளானெக்ஸ் இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். கமாண்ட் டாஸ்க்கிலும் எனக்கு இதே நேரச் சிக்கல்தான். பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்து ஒரு சுமையை அக்கரை சேர்க்கச் சொல்கிறார்கள். தலைமை தாங்கும் ஆள் எவ்வளவு நேரம் யோசிக்கலாம், எப்போது கை வைக்கலாம்?

#10 பழைய பூட்ஸ்

கை வைக்கவே கூடாது, இதுதான் பாதி விடை. நீங்கள் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பார்ப்பது யார்? குரூப் லீடர் விதிகளைச் சொல்லும்போது தொடக்கூடாத பரப்பு எது, நேரம் எவ்வளவு, சுமை தரையைத் தொடலாமா என்ற மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள். யோசிக்கும்போதே வாய்விட்டுப் பேசினால் குழு கூடவே வரும். குழுவுக்குச் சொல்வது நாலு வரி: இங்கிருந்து அங்கே, இவ்வளவு நேரத்தில், இப்படி, நீ இது நீ அது. ‘கேள்வி இருக்கா?’ என்று கேளுங்கள். ஆட்கள் எண் போட்ட வண்ண மேலாடையில் இருப்பார்கள், பெயர் மறந்தால் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள், ‘ஏய், நீ’ வேண்டாம்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: நீளமான பலகையை முதல் இடைவெளியிலேயே செலவழித்துவிட்டு, அடுத்த பெரிய இடைவெளிக்கு ஒன்றும் இல்லாமல் நிற்பது. ஆகவே கடைசி இடைவெளியில் இருந்து பின்னோக்கி யோசியுங்கள். இரண்டாவது, பலகையை வெளியே நீட்டிவிட்டு இந்தப் பக்கம் எடை வைக்காமல் ஒருவரை நடக்க விடுவது. மூன்று மீட்டர் பலகையில் ஒரு மீட்டர் வெளியே நீட்டினால், பின்முனையில் ஒருவர் நிற்கும்வரை அதே எடையுள்ள ஆள் நுனி வரை போகலாம். பாதிக்குப் பாதி நீட்டினால் முன்னே போகிறவர் பின்னே நிற்பவரைவிடக் கனமாக இருக்கவே கூடாது, சரிசமமாக இருந்தாலும் ஆட்டம் காணும். அதனால் கனமானவர் பின்னே நிற்கட்டும், லேசானவர் முதலில் போகட்டும். மூன்றாவது, சுமையைக் கடைசிக்கு வைப்பது. அக்கரையில் இரண்டு பேர் சேர்ந்தவுடன் சுமை போக வேண்டும், இரு கரையிலும் ஆள் இருக்கும்போது.

முடிச்சில் மூன்று போதும்: கம்பத்தில் கட்ட கிளவ் ஹிட்ச், கயிறு இரண்டை இணைக்க ஷீட் பெண்ட், நுனியில் பிடி போட எட்டு வடிவ முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அளவுக்குப் பழகுங்கள். நேரத்தை வாய்விட்டுச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். முடிக்காமலே நல்ல மதிப்பெண் வாங்கலாம், திட்டம் உடைந்ததைக் கவனிக்காமல் நின்றால் வாங்க முடியாது.

தனிநபர் தடைப் பாதையும் கேட்பீர்கள். எட்டுத் தடை, மூன்று நிமிடம், முடித்தவர்கள் மறுபடி முதலில் இருந்து. எந்தத் தடை எங்கே என்று காட்டும்போதே வரிசையைக் கால் வழியாக மனதில் பதியுங்கள். தேடி ஓடுவதில்தான் நேரம் போகும்.

#11 செங்கல்சூளை

மிக்க நன்றி பூட்ஸ் அண்ணே. பீப் டெஸ்ட் பற்றியும் ஒரு வரி?

#12 பழைய பூட்ஸ்

அதிகாரி நுழைவுக்கு 8.7, அதாவது 8-ம் நிலையில் ஏழாவது ஓட்டம். ஒலிக்கு ஏற்ப இருபது மீட்டர் போய் வருவது, நிலைக்கு நிலை வேகம் ஏறும். 8-ம் நிலையில் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர், அதாவது ஒவ்வொரு இருபது மீட்டருக்கும் 6 வினாடி. மொத்தம் 68 தடவை, 1,360 மீட்டர், ஏறக்குறைய எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தூரம் ஒன்றுமில்லை, திருப்பம்தான் கால் வலிக்கச் செய்யும். டிரெட்மில்லில் பயிற்சி செய்கிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். வெளியே 20 மீட்டர் அளந்து, வலக்கால் ஒரு முறை இடக்கால் ஒரு முறை என்று மாற்றித் திரும்பிப் பழகுங்கள். முதல் மூன்று நிலைகளில் ஒலிக்கு முன்னால் ஓடி நிற்காதீர்கள், ஒவ்வொரு நிற்றலும் ஒரு புதிய புறப்பாடு. 8.7-ஐக் குறிவைத்துப் பழகாமல் 10-ஐக் குறிவையுங்கள், அன்று தூக்கம் குறைவாக இருக்கும். கூடவே 4 கிலோ மெடிசின் பந்தை உட்கார்ந்தபடி எறிவது, தொடை நடுவுயரத்தில் இழுவை, இரண்டும் உண்டு. இவை ஜிம்மில் டெட்லிஃப்டும் தள்ளலும் செய்கிறவர்களுக்குச் சிரமமில்லை.

#13 வேங்கைமரம்

நான் இந்தியக் குடிமகன், லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். எனக்கு வழி உண்டா? வயது 26.

#14 நீலக்குடை

குடியுரிமை மட்டும் பார்த்தால் உண்டு தம்பி. பிரிட்டிஷ், அயர்லாந்து, காமன்வெல்த் குடிமக்கள் விண்ணப்பிக்கலாம். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த். கூர்க்கா வழி வேறு, அது நேபாளத்துக்கு மட்டும். ஆனால் காமன்வெல்த் சேர்க்கையைத் திறப்பதும் மூடுவதும் அவ்வப்போது மாறுகிறது. பாதுகாப்புச் சோதனைக்குப் பிரிட்டனில் எத்தனை ஆண்டு வசித்தீர்கள் என்பதும் வேலைக்கு வேலை வேறுபடும். அதை முதலில் அதிகாரபூர்வ தளத்தில் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள், இல்லையென்றால் ஆறு மாதப் பயிற்சி வீண். வயதுக்கு: 30-வது பிறந்தநாளுக்கு முன்பே சாண்ட்ஹர்ஸ்ட் தொடங்கியாக வேண்டும், அதனால் உங்களுக்கு நாளைக் கடத்த நேரமில்லை.

கல்வித் தகுதி பிரிட்டிஷ் கணக்கில் கேட்பார்கள்: ஏ-லெவல்களில் (பிளஸ்டூ போன்ற தேர்வு) 72 யூகாஸ் புள்ளி (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான புள்ளி), ஜிசிஎஸ்இ-யில் (பத்தாம் வகுப்புத் தேர்வு போன்றது) ஆங்கிலம், கணிதம், அறிவியல் அல்லது ஒரு வெளிநாட்டு மொழி உட்பட ஏழு பாடம். பிளஸ்டூ மதிப்பெண்ணை இதற்கு ஈடாக ஏற்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவச் சோதனையில் பழைய மருத்துவக் கோப்பு முழுவதையும் பார்ப்பார்கள். ஆஸ்துமா, எலும்பு முறிவு, ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள், பின்னால் தெரிந்தால் நேர்மை பற்றிய கேள்வியாகிவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: களத்தில் தருகிற 24 மணி நேர உணவுப் பொட்டலங்களில் சைவம், ஹலால், இந்து–சீக்கிய வகைகள் உண்டு. ருசிக்கு நான் பொறுப்பல்ல.

#15 வேங்கைமரம்

தெளிவாகச் சொன்னீர்கள் அக்கா. சாண்ட்ஹர்ஸ்ட் வரை போனால் எப்படி இருக்கும் என்று யாராவது சுருக்கமாக?

#16 பழைய பூட்ஸ்

நாற்பத்து நான்கு வாரம், 14 வாரம் கொண்ட மூன்று பருவம், நடுவே விடுப்பு. ஆண்டுக்கு மூன்று தொகுதி: ஜனவரி, மே, செப்டம்பர். முதல் நாளே கையில் இஸ்திரிப் பலகையோடு வந்து நிற்பது வேடிக்கை அல்ல, சட்டையும் போர்வையும் அவர்கள் சொல்லும் அளவுக்கு இருக்க வேண்டும். முதல் ஐந்து வாரம் வெளியே விடமாட்டார்கள். உங்களைப் பயிற்றுவிக்கும் கலர் சார்ஜென்ட் பதவியில் உங்களைவிடக் கீழ் என்று பின்னால் ஆகப்போகிறவர்தான், அந்த ஓராண்டுக்கு அவர் சொல்வதுதான் சட்டம்.

தோற்றுப்போகிறவர்கள் அதிகமாகக் காலில்தான் அடிபடுகிறார்கள். பூட்ஸைப் புதிதாக வாங்கி வந்து அணியாதீர்கள், குறைந்தது இரண்டு மாதம் முன்பே பழக்குங்கள், ஈரத்திலும் நடந்து. குதிகாலில் உரசல் தெரிந்தவுடன் ஜிங்க் ஆக்சைடு டேப் ஒட்டுங்கள், கொப்புளம் வந்தபிறகு அல்ல. சுமை நடையைப் பத்து கிலோவில் தொடங்கி ஏற்றுங்கள், முதல் வாரமே இருபதை முதுகில் ஏற்றிக்கொண்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் தூக்கம். நாலு மணி நேரத் தூக்கத்தில் ஒரு திட்டம் எழுதிப் பார்த்தால், பிளானெக்ஸ் எதற்காக இருக்கிறது என்று புரியும்.

எந்தப் படைப்பிரிவு என்பது நடுப்பருவத்தில் அந்தப் பிரிவுகளே நடத்தும் நேர்காணலில் முடிவாகும். அதனால் போர்டுக்கு முன்பே இரண்டு பிரிவுகளையாவது நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். முடிவில் அணிவகுப்பு, ஓல்ட் காலேஜ் கட்டடத்தின் படியேறி உள்ளே போவீர்கள், பின்னால் அட்ஜுடன்ட் என்ற கல்லூரி அதிகாரி குதிரையோடே படியேறுவார். அதை மட்டும் வீடியோவில் பார்த்து விண்ணப்பித்தவர்களை எச்சரிக்கிறேன்.

#17 மாலைமதி

மறுபடி போட்டிருக்கிறேன். கணக்கைத் திருத்திவிட்டேன்.

நோக்கம்: 15:00-க்கு முன் பாலத்தைத் தாண்டி, 15:30-க்குள் காயம்பட்டவரை மருத்துவரிடம் சேர்ப்பது.
அ, ஆ: பண்ணைக்கு ஓட்டம், 13:30. வந்தவுடன் அவசர எண் அழைப்பு. அ தொலைபேசியிலேயே இருக்கிறார், ஆ பண்ணைக்காரரோடு குவாரிக்கு.
இ, ஈ, உ: குவாரிக்கு நடை, 13:30. கட்டு, போர்வை. ஈயிடம் முதலுதவிப் பை.
ஊ: குடிலில், 14:30 லாரி.
13:50 புறப்பாடு, 14:05, 14:15, 14:30, 14:38, 14:54. குவாரியில் ஸ்ட்ரெச்சர் தூக்க இ, ஈ, உ, ஆ நாலு பேர். வண்டியில் காயம்பட்டவர் இரண்டு இடம், ஈ, ஆ. இயும் உவும் குடிலுக்கு 2 மைல் நடந்து திரும்புகிறார்கள், 14:45. முடிவெடுக்கும் நேரம் 14:05. பண்ணையில் ஆம்புலன்ஸ் 14:30-க்கு நின்றால் மாற்றுவது, இல்லையென்றால் நிற்காமல் போவது, வழியில் எதிர்ப்பட்டால் அங்கே மாற்றுவது.

#18 வல்வைக்காற்று

இப்ப சரி. ரெண்டே ரெண்டு. பண்ணையில மாத்துறதுக்கு எவ்வளவு நேரம்? ஏத்துறதுக்கு 10 எண்டு தாளிலயே இருக்கு, அதையே எடுத்தால் 14:40-க்குத்தான் பண்ணையை விடுவீங்கள். லேண்ட் ரோவர் வேகத்திலயே போட்டாலும் 14:48 பாலம், மிச்சம் 22 இல்லை, 12. அதையும் எழுதி வையுங்கோ. மற்றது, 14:05-க்குப் பண்ணைக்காரர் வரேல்லை எண்டால் முடிவெடுக்கிறது ஆர்? நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டு எழுதேல்லை. நீங்கள் குவாரியில நிண்டால் பண்ணையில நடக்கிறது உங்களுக்குத் தெரியவே தெரியாது, சிக்னல் இல்லை.

#19 மாலைமதி

ஆமாம் அண்ணை, அதை யோசிக்கவே இல்லை. அ-வாக நானே ஓடுகிறேன், தொலைபேசி பக்கத்தில். புறப்படும் முன் 14:05-ஐ ஐந்து பேரிடமும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்துக்கு வண்டி குவாரிக்கு வராவிட்டால் இ, ஈ, உ மூவரும் காயம்பட்டவரை விட்டு நகராமல் குளிரில் இருந்து காத்து வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கும்.

#20 குன்றன்

அதைத் தாளில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: ‘நான் பண்ணையில்.’ அடுத்த மாதிரிக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன், அதில் படகு உண்டு.